எல்.எல்.ஆர். போடப் போகிறீர்களா? ஆன்லைனில் முடிவதும், ரோட்டில் மட்டுமே வருவதும்

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் குமரி மாவட்டத்து வீடுகளில் முதல் பேச்சு காலேஜ், அடுத்த பேச்சு லைசென்ஸ். இப்போது அதோடு "எல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சிரும் மக்களே" என்பதும் சேர்ந்துகொண்டது. அது பாதிதான் சரி. விண்ணப்பம், கட்டணம், சாலைப் பாதுகாப்புப் பாடம், கம்ப்யூட்டர் சோதனை ஆகியவை ஆன்லைன் வழியாக நடக்கும். அவற்றின் முடிவில் கிடைப்பது எல்.எல்.ஆர்., அதாவது ஓட்டிப் பழகுவதற்கான அனுமதி. அதற்கும் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கும் நடுவில் சட்டம் குறைந்தது 30 நாள் வைத்திருக்கிறது. அந்த 30 நாள்தான் உண்மையான படிப்பு. அதைச் சும்மா ஓடவிட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு மைதானத்தில் எட்டு போட்டுப் பார்ப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு.

முதலில் வயது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கியர் பைக்குக்கும் காருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 16 வயதில் எடுக்கலாம் என்று பலர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அது 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் உள்ள, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அதற்கும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இன்று ஷோரூமில் நிற்கும் ஸ்கூட்டிகள் பெரும்பாலும் 110, 125 சி.சி. தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடும் எக்ஸ்.எல். 100 வண்டியே கிட்டத்தட்ட 100 சி.சி. ஆக, 16 வயதுப் பிள்ளை அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு வீட்டு ஸ்கூட்டியை எடுத்தால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

பேட்டரி வண்டியிலும் இதே குழப்பம் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு மேல் ஓடும் மின் ஸ்கூட்டருக்கும் பெட்ரோல் வண்டியைப் போலவே லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் வேண்டும். வேகக் கட்டுப்பாட்டை மெக்கானிக்கிடம் கொடுத்து எடுத்துவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும்.

டியூஷனுக்குத்தானே என்று சாவியைக் கொடுக்கும் அப்பா அம்மா கவனிக்க வேண்டியது 199ஏ பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சந்திக்க நேரும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. விபத்தாகிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அதை வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்கவும் வழி இருக்கிறது. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுக்க இதில் போய்விடும் என்பதை மிகைப்படுத்தாமலே சொல்லலாம்.

ஆன்லைனில் நடப்பவை

மத்திய அரசின் சாரதி பரிவாகன் தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள்: டி.என். 74 நாகர்கோவில், டி.என். 75 மார்த்தாண்டம். தளத்தின் முகவரி அரசுக்குரிய 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்களும் இருக்கின்றன. கூகுளில் தேடும்போது விளம்பரமாக மேலே வருவதைத் தொட்டுவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. செய்யத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போகலாம்.

விண்ணப்பம் சிக்கும் இடங்கள் பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்.

ஒன்று, இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். பிறந்த தேதியிலும் ஓர் எண் மாறியிருக்கலாம். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் ஆதாரில் உள்ள பெயரும் தேதியும் அப்படியே வந்து உட்காரும், பிறகு லைசென்ஸிலும் அதேதான். அதனால் ஆதாரைத் திருத்த வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்தது ஓ.டி.பி. நம் ஊரில் பல பிள்ளைகளின் ஆதாரோடு இணைந்திருப்பது வளைகுடாவில் இருக்கும் அப்பாவின் எண், அல்லது எப்போதோ கைவிட்ட பழைய சிம். ஓ.டி.பி. வராமல் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். பிள்ளையின் கையில் இருக்கும் எண்ணை ஆதார் மையத்தில் முன்கூட்டியே இணைத்துவிடுவது நல்லது.

போட்டோவும் கையெழுத்தும் தனித்தனியாக 10 முதல் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. சுருக்கிய பிறகுதான் ஏறும். சுருக்கும்போது முகம் மங்கிவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

வண்டி வகையைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் அவசரப்பட வேண்டாம். கியர் இல்லாத இருசக்கர வாகனம் என்று மட்டும் போட்டால் பின்னால் பைக் ஓட்ட முடியாது. கியர் உள்ள இருசக்கரம் என்று எடுத்தால் ஸ்கூட்டியையும் அதிலேயே ஓட்டலாம். கார் பழகப் போகிறவர்கள் இலகுரக மோட்டார் வாகனத்தையும் சேர்த்தே எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் எல்.எல்.ஆர்., 30 நாள், டெஸ்ட் எல்லாம் இன்னொரு முறை. மத்திய விதிப்படி எல்.எல்.ஆர். ஒரு வகைக்கு 150 ரூபாய், சோதனைக்கு 50 ரூபாய். பின்னால் ஓட்டுநர் டெஸ்ட் ஒரு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. மாநிலச் சேவைக் கட்டணம் இதோடு சேரும். மொத்தம் எவ்வளவு என்பது பணம் கட்டும் பக்கத்தில் தெரியும். 18 வயதுக்காரருக்கு டாக்டர் சான்று தேவையில்லை, உடல்நலம் பற்றிய சுய உறுதிமொழிப் படிவம் போதும்.

பாடமும் சோதனையும்

சோதனைக்கு முன் சாலைப் பாதுகாப்பு வீடியோப் பாடத்தைப் பார்த்தாக வேண்டும். பலர் அதை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். சோதனைக் கேள்விகள் வருவது அதே சங்கதிகளிலிருந்துதான்: சாலைக் குறியீடு, சிக்னல், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட், கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம்.

குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தால் குழம்பும். வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சிவப்பு விளிம்புள்ள வட்டம் கட்டளை, மீறினால் அபராதம். சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை, முன்னால் வளைவோ பள்ளிக்கூடமோ குறுகிய பாலமோ இருக்கிறது. நீலச் செவ்வகம் தகவல். எண்கோணம் ஒன்றே ஒன்று, 'நில்'. தலைகீழ் முக்கோணமும் ஒன்றே ஒன்று, 'வழிவிடு'. இந்த இரண்டுக்கும் தனி வடிவம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு: பலகை அழுக்கடைந்து எழுத்து மறைந்தாலும், வெளிவடிவத்தைப் பார்த்தே புரிய வேண்டும்.

அடிக்கடி தவறும் ஒரு ஜோடி: நீல வட்டத்தில் ஒரே ஒரு சாய்ந்த சிவப்புக் கோடு இருந்தால் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது, ஆனால் ஆளை இறக்கிவிட்டுப் போகலாம். இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாது. கை சைகையிலும் பலர் தடுமாறுவார்கள். வலது கையை நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன். அதே கையை நீட்டி, கடிகாரம் ஓடும் திசைக்கு எதிராகச் சுழற்றினால் இடப்பக்கம். உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன்.

மலைப்பாதை விதி நமக்கு வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல. குறுகிய ஏற்றத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளவும் செய்யும். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கம் போகிறவர்களுக்கு இது தினசரித் தேவை.

விபத்து நடந்தால் காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியது ஓட்டுநரின் சட்டக் கடமை. போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். வழியில் கண்டு உதவி செய்கிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிப் போகத் தேவையில்லை என்பதைப் பிள்ளைகள் 18 வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

வெளிநாட்டுப் பேச்சு

அமெரிக்காவில் இருக்கும் மாமா பிள்ளை ஆன்லைன் கோர்ஸ் முடித்தே லைசென்ஸ் எடுத்தான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டால், அங்கே 18 வயது நிரம்பாதவர்கள் ஆன்லைனில் படிக்கலாம் என்பது 30 மணி நேரப் பாடப்பகுதி மட்டும். அதன்மேல் பயிற்சியாளரோடு 6 மணி நேரம், பெரியவர் ஒருவரோடு 50 மணி நேரம் ஓட்ட வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். பெர்மிட்டை 6 மாதம் வைத்திருந்த பிறகே டெஸ்ட். அங்கும் ஆன்லைன் என்பது தொடக்கம் மட்டும்தான்.

நம் விதிகளில் டிரைவிங் ஸ்கூலுக்குச் சொந்த உபயோக வண்டி கற்றுக்கொடுக்க வைத்திருக்கும் அளவு குறைந்தது 21 நாள், ஓட்டம் 10 மணி நேரம். 2021-இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான கார் பாடத்திட்டம் 29 மணி நேரம், அதில் ஓட்டம் மட்டும் 21 மணி. வீட்டிலேயே பழகுகிறவர்கள் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தினமும் அரை மணி நேரம், 30 நாள் பழகினால் 15 மணி நேரம். அதற்குக் குறைந்தால் டெஸ்ட்டைத் தள்ளிப் போடுங்கள். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், அவசரமே இல்லை.

அந்த 30 நாள்

எல்.எல்.ஆர். காரர் தனியாக ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் கூடவே இருக்க வேண்டும். பைக்கில் அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. கூட்டாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குப் போவதற்கெல்லாம் எல்.எல்.ஆர். அனுமதி இல்லை. முன்னும் பின்னும் 'எல்' பலகை வேண்டும்: 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைத் தளத்தில் சிவப்பு எழுத்து, உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர். எல்.எல்.ஆர். இந்தியா முழுக்கச் செல்லும் என்பதால் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனாலும் தடையில்லை. ஆனால் இந்த நிபந்தனைகளும் கூடவே வரும்.

முதல் வாரம் பிரேக்குக்குக் கொடுங்கள். கிளம்பத் தெரிவதை விட நிற்கத் தெரிவது முக்கியம். கணக்கு எளிது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தவே கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். அதன்பின் காய்ந்த தார் ரோட்டில் சுமார் 9 மீட்டர், நனைந்த ரோட்டில் சுமார் 16 மீட்டர் ஓடித்தான் நிற்கும். 60-இல் போனால் மொத்தம், காய்ந்த ரோட்டில் 37 மீட்டர், மழையில் 50-ஐத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரண்டேகால் மடங்கு கூடுகிறது என்பதுதான் இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது. ஆளில்லாத மைதானத்தில் ஒரு கல்லை வைத்து, 20-இல் வந்து, 30-இல் வந்து, எங்கே நிற்கிறது என்று அடி அளந்து பாருங்கள். வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும் வராத பயம் அப்போது வரும், அது நல்ல பயம்.

முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்லிக்கொடுப்பது தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. முன் டயர்தான் ரோட்டை அதிகம் பிடிக்கும். நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணல் மேலும் மட்டும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது.

பிறகு ரோடு. நம் மாவட்டத்து ரோட்டில் பழகியவர் வேறெங்கும் ஓட்டிவிடலாம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. வீடுகள் விடாமல் தொடரும் ஊர்கள், ரோட்டுக்கே திறக்கும் கேட்டுகள், மதில் மறைக்கும் இடவழிகள். இடவழியிலிருந்து ரோட்டுக்கு வரும்போது முன்சக்கரம் ரோட்டை எட்டும் முன்பே முழுசாக நின்று, வலம் இடம் வலம் பார்த்து ஏற வேண்டும். ஹார்ன் அடித்துவிட்டு நேராக ஏறுகிறவர்கள், எதிரில் வருகிறவருக்குக் காது கேட்கும் என்றும் நின்றுவிடுவார் என்றும் நம்பி ஏறுகிறார்கள்.

குலசேகரம், தக்கலை பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வெயில் படாத வளைவுகள் மழை விட்டபின்னும் வெகுநேரம் காயாது. ஈர இலை மேல் டயர் ஏறும் நேரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி படுத்துவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் இல்லாமல் போக வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்பதால் இது வருடத்தில் பாதி நாள் பாடம். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் இன்னும் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வழுக்கும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அங்கே கணவாய்க் காற்று அடிப்பதால்தான். ஆனி ஆடியில் ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பெரிய லாரியை ஒட்டிப் போகும்போது லாரி காற்றை மறைக்கும், அதைத் தாண்டிய நொடியில் முழுக்காற்றும் வந்து மோதும். பழகுகிற மாதத்தில் அந்தப் பாதையைத் தவிருங்கள். போகத்தான் வேண்டுமென்றால் வேகம் குறைத்து, இரண்டு பக்கமும் இடம் விட்டுப் போங்கள். முட்டம், மணக்குடி போன்ற கடலோரத்தில் ரோட்டின் ஓரம் மணல் கிடக்கும், வண்டியை ஓரம் கட்டும்போதே வழுக்கும்.

டாரஸ் என்னும் பல சக்கரப் பெரிய லாரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவருக்கு இடப்பக்கம் ஒட்டி வரும் ஸ்கூட்டி தெரியவே தெரியாது. லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. மார்த்தாண்டம், வெட்டூர்ணிமடம் போன்ற நெரிசலில் லாரியோ பஸ்ஸோ இடப்பக்கம் திரும்பக் காத்திருந்தால் அதன் இடப்பக்கத்து இடைவெளியில் நுழையாதீர்கள். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். இடைவெளியில் நிற்கிறவரைப் பின்சக்கரம்தான் பிடிக்கும்.

எட்டு

இருசக்கர டெஸ்ட்டில் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும், அப்போது கால் தரையில் பட்டால் தோல்வி. அதனால் எல்லோரும் காலைப் பற்றியே யோசிக்கிறார்கள். ஆனால் தவறு கண்ணில் தொடங்குகிறது. முன்சக்கரத்தைப் பார்த்தால் வண்டி விழும். அடுத்துப் போக வேண்டிய வளைவைப் பார்த்தால் கை தானாகத் திரும்பும். கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

பைக்கில் முதல் கியர், கிளட்ச் பாதி, ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் அடக்குங்கள். கிளட்ச்சை முழுதாகப் பிடித்தால் இழுவிசை நின்றுபோய் வண்டி சாயும். ஸ்கூட்டியில் கிளட்ச் இல்லை, அதனால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்தபடியே இடது பிரேக்கைப் பட்டும் படாமலும் உரசவிட வேண்டும். 125 சி.சி. வரையுள்ள புதிய ஸ்கூட்டிகளில் பெரும்பாலும் இடது பிரேக்கே முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும், அழுத்திவிட்டால் வண்டி நின்று கால் தரைக்குப் போய்விடும். டயரில் காற்று குறைந்திருந்தால் ஹேண்டில் கனக்கும். போகும் வழியில் பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பெரிய எட்டாகப் போட்டு, நாளுக்கு நாள் சுருக்குங்கள். இரவல் வண்டியில் டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள், பழகிய வண்டியின் பிரேக்தான் கைக்குத் தெரியும்.

காரில் பார்ப்பது வேறு: கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் கிளம்புகிறாரா, கியர் மாற்றம் சீராக இருக்கிறதா, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் எடுக்கிறாரா, ரிவர்ஸில் கட்டுப்பாடு இருக்கிறதா. பலர் தோற்பது ஓட்டத் தெரியாமல் அல்ல, இண்டிகேட்டர் போடாமல், சீட் பெல்ட் போடாமல் கிளம்பி.

டெஸ்ட்டில் தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எதில் தோற்றோம் என்பதை ஆய்வாளரிடம் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஏழு நாளும் அதை மட்டும் பழகுங்கள். எல்.எல்.ஆரின் 6 மாதம் அதற்குள் முடிகிறதா என்று தேதியைப் பாருங்கள். முடிந்துவிட்டால் கட்டணம், சோதனை, 30 நாள் எல்லாம் முதலிலிருந்து. 18 வயதில் தேறியவருக்குக் கிடைக்கும் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ ஏற்றி வைத்துக்கொண்டால் வாகனச் சோதனையில் காட்டப் போதும்.